ஆகாயத்தில் மூன்றே முக்கால் மணி. தரையில் மூன்று இரவு!

அஸ்ஸாமின் கிழக்குக் கோடியில் டிப்ரூகர். நம் மேற்குக் கோடியில் கோயமுத்தூர். டிப்ரூகருக்கு மோகன்பாரி விமான நிலையம். கோவைக்குப் பீளமேட்டு விமான நிலையம். இந்த இரண்டுக்கும் இடையே காக்கை பறக்கும் வழியில் தூரம் எவ்வளவு? சுமார் 2,620 கிலோமீட்டர். ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் போகிறது. வகுத்துப் பாருங்கள்: மூன்றேகால் மணி. ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊர்ந்து போகவும் ஓர் அரை மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றே முக்கால் மணி. காலைப் பலகாரத்தை டிப்ரூகரில் முடித்தவன் மத்தியானச் சாப்பாட்டைக் கோவையில் சாப்பிடலாம்!

சாப்பிடலாம்தான். ஆனால் அப்படி ஒரு விமானம் இல்லை.

"இல்லாத விமானத்தைப் பற்றி எதற்கையா பேச்சு? டிப்ரூகருக்கும் நமக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறேன். ஒரு நாள் ஈரோட்டு ஜங்ஷனிலோ கோவை ஜங்ஷனிலோ போய் நில்லுங்கள். டிப்ரூகரிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியிலிருந்து யார் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். தோளில் ஒரு பை, கையில் தண்ணீர் புட்டி, கண்ணில் மூன்று இரவுத் தூக்கம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், கோவை வார்ப்படப் பட்டறைக்கும், வால்பாறைத் தேயிலைக் காட்டுக்கும் வருகிற தொழிலாளிகள் அவர்கள். ஒட்டு அதுதான், உறவும் அதுதான்.

வால்பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஜனங்கள் மலையேறிப்போய்க் கொழுந்து பறித்த இடம். அவர்களின் பேரப்பிள்ளைகள் படித்துக் கீழே இறங்கிவிட்டார்கள். இன்று அந்தக் கூடையைச் சுமக்கிறவர்களில் அஸ்ஸாம்காரரும் ஜார்க்கண்ட்காரரும் ஏராளம். தேயிலைக்குப் பேர்போன அஸ்ஸாமை விட்டு, தேயிலை பறிக்க இவ்வளவு தூரம் ஏன் வருகிறார்கள்? கூலிதான் காரணம். பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளியின் தினக்கூலி 2023 அக்டோபரில்தான் 250 ரூபாயைத் தொட்டது. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அப்போதே அது 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த மூன்று இரவுப் பிரயாணம்.

2011 நவம்பரில் ஓடத்தொடங்கிய விவேக் எக்ஸ்பிரஸ், டிப்ரூகரிலிருந்து கன்னியாகுமரி வரை 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. இந்தியாவில் இதைவிட நீளமான ரயில் பிரயாணம் கிடையாது. கோவைக்கு வந்து சேரவே அறுபது மணிக்கு மேல் ஆகிறது. தூரமும் காக்கை வழியைவிட ஆயிரம் கிலோமீட்டர் அதிகம். ஏன் இந்தச் சுற்று?

இங்கே கொஞ்சம் சரித்திரம் வருகிறது, தோழர்களே. 1947இல் தேசம் பிரிந்தபோது, அஸ்ஸாமிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் பழைய ரயில் பாதைகள் கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போய்விட்டன. சிலிகுரிக்குப் பக்கத்தில் கோழிக் கழுத்து என்று சொல்லப்படும் ஒடுக்கமான நிலத்துண்டு ஒன்றுதான் பாக்கி. அதன் வழியாக அவசர அவசரமாகப் புதிய பாதை போட்டு, 1950 ஜனவரியில் ரயில் விட்டார்கள். அந்த இடைவெளியில் அஸ்ஸாம் தேயிலை எப்படி வெளியே வந்தது? டக்கோட்டா விமானங்களில் வந்தது! ஆம், தேயிலைப் பெட்டி ஆகாயத்தில் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குத் தளவாடம் கொண்டுபோவதற்கென்று மேல் அஸ்ஸாமில் போட்ட விமானத் தளங்களில் ஒன்றுதான் இந்த மோகன்பாரி. தேயிலைப் பெட்டிக்குக் கிடைத்த விமானம், தேயிலை பறிக்கிறவனுக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

சரி, இன்று ஒருவன் விமானத்தில்தான் வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்த வழி? டிப்ரூகரிலிருந்து கல்கத்தா, சுமார் 850 கிலோமீட்டர். கல்கத்தாவிலிருந்து சென்னை, சுமார் 1,385. சென்னையிலிருந்து கோவை, சுமார் 405. மூன்றையும் கூட்டினால் 2,640. நேர்வழி எவ்வளவு? 2,620. வித்தியாசம் வெறும் இருபது கிலோமீட்டர்! கல்கத்தாவும் சென்னையும் நேர்கோட்டின்மீதே உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் சொல்லவேண்டும். ஆகவே, "தூரம் அதிகம், அதனால் கஷ்டம்" என்ற சமாதானம் இங்கே செல்லாது. பறக்கிற நேரத்தைக் கூட்டினாலும் ஐந்தேகால் மணி சுமாருக்குத்தான் வருகிறது. மிச்சம் எல்லாம் காத்திருப்பு. ஒரு விமானம் இறங்கி அடுத்தது ஏறும்வரை, நாற்காலியிலோ தரையிலோ உட்கார்ந்திருக்கிற நேரம். ஒரு இணைப்பு தவறினால் ஒரு ராத்திரி போயிற்று.

டில்லி வழியாகப் போகச் சொல்லுகிறவர்களும் உண்டு. டிப்ரூகரிலிருந்து டில்லிக்கு 1,760, டில்லியிலிருந்து கோவைக்கு 1,950. ஆக 3,700 கிலோமீட்டர். அட, ரயில் சுற்றுகிற அதே தூரம்! மூக்கைத் தொடக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகிற கதை.

தூரத்தைச் சொன்னோம், நேரத்தைச் சொன்னோம். இனிமேல்தான் விஷயமே வருகிறது. கட்டணம்!

2025 டிசம்பரில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தேசத்து உள்நாட்டு விமானப் பிரயாணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்லும் ஒரே கம்பெனி, இண்டிகோ. அதன் விமானங்கள் நூற்றுக்கணக்கில் நின்றன; டிசம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேல் ரத்து. விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோலக் குவிந்தன. காரணம் புயலா, மழையா? இல்லை. விமானிகளுக்கு வாராந்தர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக வேண்டும், இரவு வேளையில் ஆறு முறை இறக்கலாம் என்பது இரண்டு முறையாகக் குறையவேண்டும் என்று விதி வந்தது. 2024 ஜனவரியிலேயே அறிவித்த விதி. நீதிமன்றம் வரை போய், இரண்டு தவணையாக அமலுக்கு வந்த விதி. இரண்டாம் தவணை 2025 நவம்பர் 1. கம்பெனிக்கு ஒன்றே முக்கால் வருஷம் அவகாசம் இருந்தது. போதுமான ஆளை வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் என்ன ஆயிற்று? 2026 பிப்ரவரி 10 வரை அந்தக் கம்பெனிக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஆள் சேர்க்காதவனுக்குச் சலுகை; ஓய்வு கேட்டவனுக்குத் தள்ளிவைப்பு! மில்லில் எட்டு மணி வேலைக்காகப் போராடிய தலைமுறையின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

விமானிகளின் சம்பளத்தைச் சொல்லி, "இவர்களும் தொழிலாளிகளா?" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிக்கமாட்டேன். தூக்கம் கெட்ட மனிதன் கையில் நூற்றெண்பது உயிர் இருக்கிறது என்பது சம்பளத்தால் மாறிவிடுமா?

இந்தக் குழப்பத்தில் மற்றக் கம்பெனிகள் டிக்கட் விலையை ஆகாயத்துக்கே ஏற்றிவிட்டன. டிசம்பர் 6ஆம் தேதி சர்க்கார் உச்ச வரம்பு போட்டது. எப்படிப் போட்டது? தூரத்தை வைத்து. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 500 முதல் 1,000 வரை 12,000. 1,000 முதல் 1,500 வரை 15,000. அதற்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 18,000. வரியும் நிலையக் கட்டணமும் தனி.

இதை நம் டிப்ரூகர் பிரயாணிக்குப் போட்டுப் பாருங்கள். நேர் விமானம் ஒன்று இருந்திருந்தால் அவனுக்கு உச்சம் 18,000 ரூபாய். இல்லாததால், மூன்று டிக்கட்டைத் தனித்தனியாக வாங்கினால்? கல்கத்தா வரை 12,000. சென்னை வரை 15,000. கோவைக்கு 7,500. மொத்தம் 34,500! தூரம் இருபது கிலோமீட்டர்தான் கூடியது. வரம்போ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. பெரிய நகரத்திலிருந்து பெரிய நகரத்துக்குப் போகிறவனுக்கு வரம்பு பாதுகாப்பு. சின்ன ஊரிலிருந்து சின்ன ஊருக்குப் போகிறவனுக்கு அதே வரம்பு துண்டு துண்டாக வெட்டி விற்கிற கசாப்புக் கத்தி.

நாள் கூலி 250 ரூபாய்க்காரனுக்கு 34,500 ரூபாய் என்றால் 138 நாள் உழைப்பு.

2020இலும் ஒரு வரம்பு போட்டார்கள். கொரோனாவுக்குப் பின் மே 25ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் மறுபடி பறந்தபோது, அப்போது தூரத்தை வைத்து அல்ல, பறக்கும் நேரத்தை வைத்து ஏழு படிகள். நாற்பது நிமிஷத்துக்குள் 2,000 முதல் 6,000 ரூபாய் வரை என்று தொடங்கி, 180 முதல் 210 நிமிஷம் வரை 6,500 முதல் 18,600 வரை என்று முடிந்தது அந்தப் பட்டியல். 2022 ஆகஸ்டு 31வரை அது இருந்தது. 210 நிமிஷத்தோடு பட்டியல் ஏன் நின்றது? அதற்கு மேல் பட்டியலில் போடும்படி உள்நாட்டு விமானம் இல்லை என்பது அவர்கள் கணக்கு. டிப்ரூகர்–கோவை 225 நிமிஷம். பட்டியலிலேயே அதற்கு வரி கிடையாது! அந்தக் கணக்கிலும் மூன்று துண்டின் உச்சத்தைக் கூட்டினால் 32,000 வரும்.

ஆக, கிலோமீட்டரை வைத்து அளந்தாலும் நிமிஷத்தை வைத்து அளந்தாலும், அளவுகோல் ஏறுகிற இடத்திலிருந்து இறங்குகிற இடம் வரைதான் பார்க்கிறது. புறப்பட்ட வீட்டையும் போய்ச்சேர வேண்டிய வீட்டையும் பார்ப்பதில்லை.

'நிமிஷம்' என்று சொன்னோமே, அதிலும் ஒரு சூது இருக்கிறது. கம்பெனி அட்டவணையில் அச்சடிக்கும் நேரம் ஆகாயத்தில் இருக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு அடியில் வைத்திருக்கும் கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச்சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை. அதில் பத்துப் பதினைந்து நிமிஷம் கூட்டியே போட்டுவைப்பார்கள். தாமதமாகப் புறப்பட்டாலும் 'சரியான நேரத்தில் வந்தோம்' என்று விளம்பரம் செய்துகொள்ளலாம் அல்லவா! அதே கட்டைக் கணக்குத்தான் பல நாடுகளில் விமானப் பணிப்பெண்களின் கூலிக் கணக்கும். பிரயாணிகளை ஏற்றுவது, மூட்டையை அடுக்குவது, தாமதத்தில் அவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் கட்டை எடுக்குமுன் நடக்கிற வேலை. அதற்குக் கூலி இல்லை. 2025 ஆகஸ்டு 16ஆம் தேதி ஏர் கனடாவின் பணியாளர்கள் பத்தாயிரம் பேர் இதற்காகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலைக்குத் திரும்பு என்று உத்தரவு வந்தது, திரும்பவில்லை. மூன்று நாளில் கம்பெனி பேச்சுக்கு வந்து, தரை வேலைக்கும் ஒரு பங்கு கூலி என்று ஒப்புக்கொண்டது. தரையில் காத்திருக்கிற நேரமும் மனிதனுடைய நேரம்தான் என்பதைக் கம்பெனி வாயால் சொல்லவைக்க அவ்வளவு பாடு வேண்டியிருந்தது.

இனி, சர்க்காரின் 'உடான்' திட்டத்துக்கு வருவோம். 2017 ஏப்ரல் 27ஆம் தேதி சிம்லாவில் பிரதமர் தொடங்கிவைத்தார். ரப்பர் செருப்புப் போட்டவனும் விமானத்தில் ஏறவேண்டும் என்றார். நல்ல வார்த்தை! ஒரு மணி நேரப் பறப்புக்கு, அதாவது சுமார் 500 கிலோமீட்டருக்கு, 2,500 ரூபாய். எல்லா இருக்கைக்கும் அல்ல, பாதி இருக்கைக்கு. நஷ்டத்தை ஈடுகட்ட மானியம். மானியத்துக்குப் பணம், மற்றப் பாதைகளில் பறக்கும் விமானங்கள்மீது போடும் தீர்வையிலிருந்து.

என்ன விளைந்தது? எதிர்க்கட்சிக்காரன் சொன்னால் நம்பவேண்டாம். தணிக்கை அதிகாரி 2023இல் கொடுத்த அறிக்கை இருக்கிறது. முதல் மூன்று சுற்றில் கொடுத்த பாதைகள் 774. அதில் 403 பாதைகளில் விமானம் பறக்கவே தொடங்கவில்லை. தொடங்கிய 371இல், மானியம் கிடைக்கும் மூன்று வருஷத்தை முழுசாக முடித்தவை 112. மானியம் நின்ற பிறகும் 2023 மார்ச் வரை நீடித்தவை 54. எழுநூற்றெழுபத்து நாலில் ஐம்பத்து நாலு! நமக்குத் தெரிந்த சேலத்துக் கதையும் இதே ஜாதிதான். 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது.

திட்டத்தில் நல்லதே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல ஊர்களுக்கு ஓடுபாதை வந்தது, விளக்கு வந்தது. ஆனால் தூர விஷயத்தில் திட்டம் எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை கூடாது என்று முன்பு ஒரு தடை. 2023 ஏப்ரலில், ஐந்தாம் சுற்றில், அந்தத் தடையை எடுத்தார்கள். எவ்வளவு தூரமும் பறக்கலாம்! ஆனால் மானியம்? 600 கிலோமீட்டர் வரைக்கும்தான். 2,620 கிலோமீட்டர் பறக்கிறவனுக்கு 600க்கு உதவி, மிச்சம் 2,020க்கு அவன் தலைவிதி. கதவைத் திறந்துவிட்டு வாசற்படியை எடுத்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில் 120 புதிய ஊர்கள், பத்து வருஷத்தில் நாலு கோடிப் பிரயாணிகள் என்று புது அறிவிப்பு வந்தது. எந்த ஊரை எந்த ஊரோடு கட்டுவது என்பதுதான் கேள்வி. முடிச்சு எல்லாம் டில்லியிலும் பம்பாயிலும் விழுந்தால், தொழிலாளி போகும் பாதை மறுபடியும் துண்டுதான்.

வேறு வழியே இல்லையா? உண்டு. 1994 மார்ச்சில் சர்க்கார் ஒரு கட்டளை போட்டது: லாபமுள்ள பெருநகரப் பாதைகளில் பறக்கிற கம்பெனி, அந்த அளவில் பத்தில் ஒரு பங்காவது வடகிழக்குக்கும் காஷ்மீருக்கும் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் பறக்கவேண்டும். கௌஹாத்திக்கும் டிப்ரூகருக்கும் இன்று தனியார் விமானம் பறக்கிறதென்றால் கம்பெனிகளின் கருணை மட்டும் காரணம் அல்ல. கட்டளை போட்டால் விமானம் போகிறது! 1953இல் எட்டுக் கம்பெனிகளை எடுத்து இந்தியன் ஏர்லைன்ஸ் என்று ஆக்கியபோது, பறப்பது பொதுக் காரியம் என்று நாடு எண்ணியது. 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவும் டாட்டாவிடம் போய்விட்டது. சொந்தத்தில் பெரிய விமானக் கம்பெனி இல்லாத சர்க்காருக்குக் கட்டளைதான் மிச்சமுள்ள பெரிய ஆயுதம். 'கட்டணத்தில் நாங்கள் தலையிடுவதில்லை' என்று மந்திரிகள் சொல்லிவந்திருக்கிறார்கள். 1937ஆம் வருஷத்து விமான விதிகளில் 135ஆம் விதி, செலவையும் நியாயமான லாபத்தையும் பார்த்துக் கட்டணம் வைக்கவேண்டும் என்றுதான் சொல்லியது. 2020இலும் 2025இலும் தலையிட்டார்களே, எப்படி முடிந்தது?

விமானம் பணக்காரன் சமாசாரம், நமக்கு ரயில் போதும் என்று நம் தோழர்களில் சிலர் எண்ணுகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். ரயில் போதும், ரயில் சரியாக இருந்தால்! 2023 ஜூன் 2ஆம் தேதி ஒரிசாவில் பாலசோர் அருகே கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மோதியதில் 290 பேருக்கு மேல் மாண்டார்கள். கூலி வேலைக்குத் தெற்கே வந்துகொண்டிருந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் யார் இருந்தார்கள் என்பதற்குப் பட்டியலே இல்லை. உடல்களுக்குப் பெயர் தேடி வாரக்கணக்கில் அலைந்தார்கள். விவேக் எக்ஸ்பிரஸ் வருவதும் அந்தத் தண்டவாளத்தின்மேல்தான்.

தவிர, தொழிலாளி உல்லாசத்துக்கு விமானம் கேட்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள், அல்லது வாழ்நாளில் இரண்டு மூன்று நாள், அவனுக்கு அது வேண்டியிருக்கிறது. வால்பாறை லயத்தில் ராத்திரி போன் வருகிறது: அப்பா போய்விட்டார். நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஆழியாறு தாண்டி, பொள்ளாச்சி வந்து, கோவை ஜங்ஷனுக்கு வருகிறான். மூன்று இரவு ரயிலில் போனால் சாம்பல்தான் இருக்கும். விமானத்தில் போகலாம் என்றால், இன்றைக்கே புறப்படுகிறவனுக்குத்தான் டிக்கட் விலை ஆக அதிகம். ஒரு மாதம் முன்னால் வாங்குகிறவனுக்கு மலிவு, நாலு மணி நேரத்துக்கு முன் வாங்குகிறவனுக்குக் கொள்ளை. சாவு ஒரு மாதம் முன்னால் சொல்லிக்கொண்டா வருகிறது?

ஆகவே கேட்கவேண்டியது இதுதான். இரண்டு மூன்று விமானம் மாறினாலும், புறப்பட்ட ஊருக்கும் போய்ச்சேரும் ஊருக்கும் இடையே உள்ள மொத்தத் தூரத்துக்கு ஒரே டிக்கட், ஒரே வரம்பு. உடான் மானியத்தில் 600 கிலோமீட்டர் என்ற வெட்டு, தொழிலாளர் போக்குவரத்து மிகுந்த பாதைகளுக்காவது போகவேண்டும். துக்கத்துக்கும் நோய்க்கும் போகிறவனுக்கு ஒவ்வொரு விமானத்திலும் சில இருக்கை, கடைசி நிமிஷத்திலும் சாதாரண விலையில். பாராளுமன்றத்தில் கேட்பவர்களுக்குக் கணக்கு வேண்டும். திருப்பூர், ஈரோடு, கோவை, வால்பாறைத் தோழர்கள் அந்தக் கணக்கை எடுக்க முடியும்: எந்தப் பட்டறையில், எந்த லயத்தில், எந்த ஜில்லாவிலிருந்து எத்தனை பேர், கடந்த வருஷத்தில் எத்தனை பேர் அவசரமாக ஊர் போனார்கள், எதில் போனார்கள், எவ்வளவு கடன் வாங்கினார்கள். இந்தி தெரிந்த ஒருவர், அஸ்ஸாமிய மொழி தெரிந்த ஒருவர் கூட இருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கும் விடுமுறைதான்.